வாய்தாவும் வஜாவும்

வாசுதேவநல்லூர்ப் பக்கத்து வயசாளிகளின் பேச்சில் நிலவரிக் காலத்துச் சொற்கள் இரண்டு இன்னும் புழங்குகின்றன. ஒன்று வாய்தா, இன்னொன்று வஜா. வாய்தா என்றால் கெடு, அதாவது பிறகு கட்டலாம். வஜா என்றால் தள்ளுபடி, கட்டவே வேண்டாம். மழை பொய்த்த வருஷம் ஜமாபந்திக்கு மனுவோடு போனவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். அவர்களுடைய பேரன் பேத்திகளின் கல்விக்கடனில்தான் இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிட்டன. இந்தக் குழப்பத்துக்கு அறுபது ஆண்டு வரலாறு உண்டு.

1963இல் மத்திய அரசு தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. நன்றாகப் படிக்கிற ஏழைப் பிள்ளைகளுக்கு அரசே வட்டியில்லாமல் கடன் கொடுத்தது. சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு தவணையாகக் கட்டினால் போதும். ஆசிரியர் வேலைக்குப் போனால், வேலை பார்க்கிற ஒவ்வொரு வருஷத்துக்கும் கடனில் பத்தில் ஒரு பங்கு கழிந்துவிடும். அமெரிக்காவின் 1958ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே போல ஆசிரியர்களுக்குப் பாதிக் கடன் வரை கழிக்க இடமிருந்தது. நம் திட்டத்தில் வாய்தாவும் இருந்தது, வஜாவும் இருந்தது. காத்திருக்கும் காலத்தின் செலவு முழுக்க அரசின் தலையில். ஆனால் கொடுத்த பணம் சரிவரத் திரும்பவில்லை. திட்டம் மெல்ல ஓய்ந்தது.

இதற்கிடையில் 1984 முதல் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வரத் தொடங்கின. நெல்லும் எலுமிச்சையும் விற்ற காசில் அடங்காத கட்டணம். 2001இல் இந்திய வங்கிகள் சங்கம் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தை வகுத்தது. 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் வேண்டாம். படிப்பு முடிந்து ஒரு வருஷம், அல்லது வேலை கிடைத்து ஆறு மாதம், இதில் எது முந்துகிறதோ அதுவரை தவணை கட்ட வேண்டாம். ஊர்க்காரர்களுக்கு இது புரிந்துபோன ஏற்பாடுதான். வெள்ளாமை வீடு வந்து சேரட்டும், பிறகு கடனைக் கட்டு என்கிற அதே நியாயம். ஒன்று மட்டும் மாறியிருந்தது. கடன் கொடுப்பது இப்போது வங்கி. தவணை நிற்கும், வட்டி நிற்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு வருஷப் படிப்புக்கு ஆண்டுதோறும் தொடக்கத்தில் 1 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும்போதும் அதற்கடுத்த ஒரு வருஷமும் தனிவட்டி மட்டுமே. ஆனாலும் முதல் தவணை கட்டும் நாளில் 4 லட்சம் 5,40,000 ஆகியிருக்கும். ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்காத காலத்தில் ஏறிய 1,40,000 அது.

இந்தச் சுமையை அரசு கவனிக்காமல் இல்லை. 2009-10 கல்வியாண்டு முதல், ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் தொழிற்படிப்புக்கு வாங்கும் கடனில், அந்தக் காத்திருப்புக் கால வட்டியை மத்திய அரசே ஏற்றது. அதற்கு முன் வாங்கியவர்கள் வெளியே நின்றார்கள். 2014 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் ப. சிதம்பரம் அவர்களுக்கும் கை நீட்டினார். 2009 மார்ச் 31 வரை வாங்கிய கடன்களில், 2013 டிசம்பர் 31 அன்று நிலுவையில் இருந்த வட்டியை அரசு ஏற்கும் என்றார். சுமார் 9 லட்சம் மாணவர்களுக்கு, ஏறக்குறைய 2,600 கோடி ரூபாய். இது வட்டிக்கு மட்டும் வஜா. முதலுக்கு வாய்தாதான். ஊரில் பலர் காதில் விழுந்ததோ 'கடன் தள்ளுபடி'.

2015இல் வங்கிகள் சங்கம் திட்டத்தைத் திருத்தியபோது தள்ளிவைக்கும் வழிகள் கூடின. படிப்பு முடிந்து ஒரு வருஷம் என்பது எல்லோருக்கும் பொது. திருப்பிக் கட்டப் பதினைந்து ஆண்டு வரை இடம். குறித்த காலத்தில் படிப்பை முடிக்க முடியாவிட்டால் இரண்டு வருஷம் வரை நீட்டிப்பு. வேலை போய்விட்டாலோ, படிப்புக்கேற்ற சம்பளம் இல்லாவிட்டாலோ, கடன் காலத்துக்குள் இரண்டு மூன்று முறை தவணையை நிறுத்திவைக்கலாம். சொந்தத் தொழில் தொடங்குகிறவருக்கும் ஆரம்ப காலத்தில் இப்படி ஓர் அவகாசம் உண்டு. ஆனால் எதுவும் தானாக வராது. எழுதிக் கேட்க வேண்டும், வங்கி சம்மதிக்க வேண்டும். அக்கம்பக்கத்தாருக்கு நான் மனு எழுதிக் கொடுப்பதுண்டு. வேலையில்லாக் காலத்துக்கான இந்த விதியைத் தெரிந்துகொண்டு வந்தவர் ஒருவரும் இல்லை. பெரும்பாலும் தொண்ணூறு நாள் தவணை தவறி, கடன் வாராக்கடன் ஆகி, நோட்டீஸ் வந்த பிறகுதான் வருவார்கள். அப்போது கேட்பதற்கு மரியாதை குறைவு.

பிறகு 2020. மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி தவணைகளை மூன்று மாதம் தள்ளிவைக்க அனுமதித்தது. மே மாதம் அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. கல்விக்கடனும் அதில் சேரும். அந்த வருஷக் கடைசியில் எங்கள் தெருவில் ஒருவர் பாஸ்புக்கோடு வந்தார்.

"அண்ணாச்சி, ஆறு மாசம் கெட்டாண்டாம்னு டிவியில சொன்னாங்கல்லா? பெறகு எப்படி பாக்கி கூடியிருக்கு?"

"கெட்டாண்டாம்னுதான் சொன்னாங்க. வட்டி போடமாட்டோம்னு யாரும் சொல்லலியே."

"அப்பம் இதுக்குப் பேரு சலுகையா?"

அவர் கேள்வி உச்ச நீதிமன்றத்திலும் ஒலித்தது. வழக்கு நடக்கும்போதே 2020 அக்டோபரில், 2 கோடி வரையிலான கடன்களுக்கு வட்டிக்கு வட்டியை மட்டும் திருப்பித் தர அரசு ஒத்துக்கொண்டது. 2021 மார்ச் தீர்ப்பு அந்தச் சலுகையை எல்லாக் கடனுக்கும் விரித்தது, முழு வட்டித் தள்ளுபடியை மறுத்தது. மேலே சொன்ன 5,40,000 பாக்கியில் ஆறு மாத வட்டி 27,000. வட்டிக்கு வட்டி சுமார் 570. திரும்பி வந்தது அந்த 570. அதே 2020 மார்ச்சில் அமெரிக்கா தன் கூட்டாட்சி அரசின் மாணவர் கடன்களுக்குத் தவணையை நிறுத்தியபோது வட்டியையும் பூஜ்யமாக்கியது. மூன்றரை ஆண்டு, 2023 செப்டம்பர் வரைக்கும்.

தவணைக் காலத்தை நீட்டுவதும் ஒருவகை வாய்தாதான். 5,40,000ஐ ஏழு வருஷத்தில் அடைத்தால் மாதம் சுமார் 8,965 ரூபாய், மொத்தம் ஏழரை லட்சம். பதினைந்து வருஷமாக்கினால் மாதம் 5,800தான், மொத்தமோ பத்தே கால் லட்சத்தைத் தாண்டும். பன்னிரண்டாயிரம் சம்பளத்தில் சென்னையிலோ கோவையிலோ அறை எடுத்துத் தங்கும் பையனுக்கு இரண்டாவதே சாத்தியம். அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். கழுத்துக்கு வந்த நேரத்தில் மூச்சு விட ஓர் இடைவெளி வேண்டும். வாராக்கடன் ஆகி, ஜாமீன் போட்ட அப்பாவின் பெயரும் கெட்டு, அடுத்த வருஷம் நகைக்கடனுக்குக்கூட அலைவதைவிட இது மேல்.

ஆனால் இந்த அறுபது ஆண்டில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். 1963இல் காத்திருப்பின் விலையை அரசு கொடுத்தது. 2001இல் அது மாணவர் கணக்குக்கு மாறியது. 2009க்குப் பிறகு ஏழைகளுக்காக ஒரு பகுதியை அரசு திரும்ப எடுத்துக்கொண்டது, அதுவும் வேலை தேடும் முதல் வருஷத்தோடு சரி. வேலையில்லாத இரண்டாவது வருஷத்தின் வட்டி இன்றும் அந்தப் பிள்ளையுடையதுதான்.

ஜமாபந்திக்குப் போன பெரியவர்கள் தாசில்தாரிடம் முதலில் கேட்பது ஒன்றே: "ஐயா, இது வாய்தாவா, வஜாவா?" வங்கியில் கையெழுத்துப் போடும் முன் அதையே கேட்கலாம். கூடவே ஒன்று: இந்த இடைவெளிக்கு வட்டி எவ்வளவு, அதை யார் கட்டுவது? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.