சில்சார் எவ்வளவு தூரம்?

ஒரு வழக்கு போடப்பட்டால் அதற்கு ஒரு தீர்ப்பு வேண்டும், அந்தத் தீர்ப்பில் ஒருவர் ஜெயிக்க வேண்டும், ஒருவர் தோற்க வேண்டும் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் பெரிய நிறுவனங்கள் பத்திரிகைகள் மீது போடும் மானநஷ்ட வழக்குகளில் பலவற்றுக்குத் தீர்ப்பே தேவைப்படுவதில்லை. வழக்கு போட்ட அன்றே வேலை பாதி முடிந்துவிடுகிறது. இது எப்படி நடக்கிறது என்பதை ஒரு வழக்கின் வரலாற்றைப் பின்தொடர்ந்தே புரிந்துகொள்ள முடியும். அதற்கு ஐ.ஐ.பி.எம். வழக்கை எடுத்துக்கொள்வோம். கல்லூரியில் இடம் தேடிய மாணவர்களின் பணமும் வாழ்க்கையும் அதில் சிக்கியிருந்தன என்பதால் அது நமக்கு நெருக்கமான வழக்கும்கூட.

இந்தியத் திட்டமிடல் மற்றும் மேலாண்மை நிறுவனம் என்ற ஐ.ஐ.பி.எம். 1973இல் டெல்லியில் தொடங்கப்பட்டது. 2000க்குப் பிறகு ஆங்கில நாளிதழ்களைப் புரட்டியவர்களுக்கு அதன் முழுப்பக்க விளம்பரங்கள் நினைவிருக்கும். ஐ.ஐ.எம்.களைத் தாண்டிச் சிந்திக்கத் துணியுங்கள் என்று அவை அழைத்தன. இலவச மடிக்கணினி, வெளிநாட்டுப் பயணம், பெரிய நிறுவனங்களில் வேலை என்று ஆசை காட்டின. ஐ.ஐ.எம்.களின் நுழைவுத் தேர்வில் இடம் கிடைக்காத லட்சக்கணக்கான இளைஞர்கள் இருந்தார்கள். எந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டு, எதற்கு இல்லை என்று எடுத்துச் சொல்லப் படித்த மாமாவோ சித்தப்பாவோ எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு விளம்பரம்தான் வழிகாட்டி. அந்த விளம்பரம் உண்மையா என்று விசாரித்துச் சொல்ல வேண்டியது பத்திரிகையின் வேலை.

சில பத்திரிகைகள் அந்த வேலையைச் செய்தன. 2005இல் மும்பையிலிருந்து வந்த 'ஜாம்' என்ற இளைஞர் இதழ், இந்த விளம்பர வாக்குறுதிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கட்டுரை வெளியிட்டது. அதைத் தன் வலைப்பதிவில் எடுத்துப் பேசிய ஓர் இளைஞருக்கு 125 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் வந்தது. அவர் வேலை பார்த்த கணினி நிறுவனத்துக்கும் நெருக்கடி போனது. தன்னால் நிறுவனத்துக்குச் சங்கடம் வரக்கூடாது என்று அவர் வேலையையே விட்டார். 2009இல் 'கேரியர்ஸ் 360' என்ற கல்வி இதழ் இதே நிறுவனத்தின் உரிமைகோரல்களை விசாரித்து எழுதியது. அந்த இதழும் வெவ்வேறு ஊர்களில் வழக்குகளைச் சந்தித்தது.

2011 பிப்ரவரியில் 'கேரவன்' இதழ், எழுத்தாளர் சித்தார்த்த தேவ் எழுதிய நீண்ட கட்டுரையை வெளியிட்டது. ஐ.ஐ.பி.எம்.மின் முகமாக விளங்கிய அரிந்தம் சௌத்ரியையும், நடுத்தர வர்க்கத்தின் ஆசையும் அச்சமும் அங்கே எப்படிப் பணமாகின்றன என்பதையும் அக்கட்டுரை பேசியது. விரைவில் வழக்கு வந்தது. கேட்ட நஷ்டஈடு 50 கோடி ரூபாய். எழுத்தாளர், இதழை வெளியிட்ட நிறுவனம், அவருடைய நூலை வெளியிடவிருந்த பெங்குவின், கட்டுரையைத் தேடலில் காட்டிய கூகுள் என எல்லோரும் பிரதிவாதிகள்.

வழக்கு போடப்பட்ட இடத்தைக் கவனியுங்கள். ஐ.ஐ.பி.எம்.மின் தலைமையகம் டெல்லி. கேரவனின் அலுவலகம் டெல்லி. வழக்கு போடப்பட்டதோ அசாமின் சில்சார் நகர நீதிமன்றத்தில். டெல்லியிலிருந்து சுமார் இரண்டாயிரம் கிலோமீட்டர். கமிஷன் அடிப்படையில் அந்நிறுவனத்துக்கு மாணவர்களைச் சேர்த்துவிட்ட உள்ளூர்க்காரர் ஒருவர் முதல் வாதியாக நிறுத்தப்பட்டார். கட்டுரையை நீக்கச் சொல்லி இடைக்காலத் தடை பிறந்தது. எதிர்த்தரப்பு தன் ஆதாரங்களை எடுத்து வைப்பதற்கு முன்பே கட்டுரை இணையத்திலிருந்து இறங்கிவிட்டது.

சட்டப்படி இது எப்படிச் சாத்தியம்? சிவில் நடைமுறைச் சட்டத்தின் 19ஆவது பிரிவு, ஒருவருக்குத் தீங்கு நேர்ந்த இடத்திலும் வழக்கு போடலாம் என்கிறது. பத்திரிகை எங்கெல்லாம் படிக்கப்படுகிறதோ அங்கெல்லாம் மானம் போயிற்று என்று சொல்லிவிடலாம். இணையம் வந்தபின் படிக்கப்படாத ஊர் ஏது? அலைந்து வழக்கு நடத்தப் பணமும் ஆளும் உள்ளவர் எவ்வளவு தொலைவான ஊரையும் தேர்ந்தெடுக்கலாம். அந்த அலைச்சல்தான் எதிராளிக்குத் தண்டனை.

இடைக்காலத் தடைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1891இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் பொன்னார்ட் எதிர் பெரிமன் என்ற வழக்கை விசாரித்தது. அதுவும் நிதி, கம்பெனி விவகாரங்களைப் பற்றி எழுதிவந்த ஒரு லண்டன் பத்திரிகையின் கட்டுரையால் எழுந்த வழக்குதான். எழுதியவர் 'நான் எழுதியது உண்மை, நிரூபிக்கத் தயார்' என்று சொன்னால், அது நிற்கவே நிற்காது என்று தெளிவாகத் தெரிந்தாலொழிய விசாரணைக்கு முன் தடை விதிக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. பொய் என்று பிறகு நிரூபணமானால் நஷ்டஈடு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் உண்மையை முதலிலேயே அடக்கிவிட்டால் ஊருக்கு நேரும் நஷ்டத்தை யாரும் ஈடுகட்ட முடியாது என்பதே இதன் சாரம்.

நம் நாட்டு நீதிமன்றங்களுக்கு இந்த விதி புதிதல்ல. ஒடிசாவின் தாம்ரா துறைமுகத்தால் கடலாமைகளுக்கு ஆபத்து என்று சொன்ன கிரீன்பீஸ் அமைப்பு, அதை வைத்து ஒரு கணினி விளையாட்டை வெளியிட்டது. டாடா நிறுவனம் 10 கோடி ரூபாய் கேட்டு வழக்கு போட்டது. விளையாட்டைத் தடுக்க டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது; 1891ஆம் ஆண்டு விதியையே பின்பற்றியது. அந்தத் தீர்ப்பின் தேதி 2011 ஜனவரி 28. கேரவன் கட்டுரை வந்தது அடுத்த மாதம். டெல்லிக்காரர் டெல்லிக்காரர் மீது சில்சாரில் வழக்கு போட்டதை இந்தப் பின்னணியில் வைத்துப் பாருங்கள், தோழர்களே.

தடைக்குப் பின் நடந்தவை வரிசையாக: 2011இல் சித்தார்த்த தேவின் நூலை பெங்குவின் இந்தியாவில் வெளியிட்டபோது அதன் முதல் அத்தியாயம் இல்லை. வெளிநாட்டுப் பதிப்புகளில் அது இருந்தது. 2012இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஐ.ஐ.பி.எம். ஒரு பல்கலைக்கழகம் அல்ல, பட்டம் வழங்க அதற்கு உரிமை இல்லை என்று பொது அறிவிப்பு வெளியிட்டது. 2013 பிப்ரவரியில், குவாலியர் நீதிமன்ற உத்தரவின் பேரில் எழுபதுக்கும் மேற்பட்ட இணைய முகவரிகள் முடக்கப்பட்டன. முடக்கப்பட்டவற்றில் மானியக் குழுவின் அந்த அறிவிப்பும் ஒன்று! மாணவர்களை எச்சரித்து ஓர் அரசு அமைப்பு போட்ட அறிவிப்பை மாணவர்களே படிக்க முடியாத நிலை.

2014 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், தன் படிப்புகளுக்கு எம்.பி.ஏ., பி.பி.ஏ. போன்ற பெயர்களை ஐ.ஐ.பி.எம். பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. 2015இல் டெல்லிக்கு வெளியே இருந்த வளாகங்களை மூடுவதாக அந்த நிறுவனமே அறிவித்தது. சில்சாரில் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்ற உத்தரவால் டெல்லிக்கு மாறி வந்தது. 2018 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் தடையை நீக்க, கட்டுரை மீண்டும் இணையத்தில் ஏறியது.

ஏழு ஆண்டுகள். கட்டுரை திரும்பி வந்தபோது அது எச்சரித்த கடையே சாத்தப்பட்டிருந்தது. இதைப் பத்திரிகைச் சுதந்திரத்தின் வெற்றி என்று கொண்டாடலாம்தான். ஆனால் 2011க்கும் 2015க்கும் இடையில் கல்விக்கடன் வாங்கி, நிலத்தை விற்று அங்கே சேர்ந்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பால் என்ன கிடைத்தது? படித்திருக்க வேண்டிய நேரத்தில் அந்தக் கட்டுரையைப் படிக்கும் உரிமை அவர்களுக்கும் இருந்தது. பிரதிவாதிகள் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை; தடை விழுந்தது என்னவோ அவர்கள் மீதும்தான்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். பொய்ச் செய்தியால் பாதிக்கப்படுபவருக்குச் சட்டம் வேண்டாமா? வேண்டும். பொய்யும் பழியும் என்ன செய்யும் என்று ஒடுக்கப்பட்ட மக்களாகிய நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விசாரணை நடக்கட்டும், சாட்சிகள் வரட்டும், பொய் என்று ஆனால் நஷ்டஈடு கொடுக்கட்டும். நாம் எதிர்ப்பது விசாரணையை அல்ல. விசாரணை இல்லாமலேயே கிடைக்கும் தண்டனையை. பேசுபவரை ஒடுக்கவென்றே போடப்படும் இத்தகைய வழக்குகளுக்கு அமெரிக்க ஆய்வாளர்கள் 1980களில் 'ஸ்லாப்' என்று பெயரிட்டார்கள். அங்கே பல மாநிலங்களில் இவற்றைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யச் சட்டம் உண்டு. இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை.

2024இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சொல்லைக் குறிப்பிட்டே பேசியது. ஜீ நிறுவனத்தின் கணக்குகள் குறித்து புளூம்பெர்க் வெளியிட்ட செய்தியை நீக்கும்படி டெல்லி கீழமை நீதிமன்றம் மார்ச் 1ஆம் தேதி உத்தரவிட்டது. உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. மார்ச் 22ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. விசாரணைக்கு முன் தடை கொடுப்பது அந்த எழுத்துக்கு மரண தண்டனை கொடுப்பது போல என்று எச்சரித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் மூன்று வாரத்தில் உச்ச நீதிமன்றம்வரை போக முடிந்தது புளூம்பெர்க்கால். கேரவனுக்கு ஏழு ஆண்டு ஆனது. ஒரு தாலுகா செய்தியாளருக்கு எத்தனை ஆண்டு ஆகும்? அவர் நோட்டீஸ் வந்த அன்றே செய்தியை நீக்கிவிட்டால், அது எந்தத் தீர்ப்புத் தொகுப்பிலும் பதிவாவதில்லை.

இதோடு குற்றவியல் அவதூறும் இருக்கிறது. 1860ஆம் ஆண்டு காலனியச் சட்டத்தின் 499, 500ஆம் பிரிவுகளை உச்ச நீதிமன்றம் 2016இல் செல்லும் என்றது. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவாக, இரண்டு ஆண்டுவரை சிறை என்ற மிரட்டலோடு தொடர்கிறது. அதில் செய்தி உண்மை என்று நிரூபித்தால் மட்டும் போதாது, பொதுநன்மைக்காகவே வெளியிட்டோம் என்றும் காட்ட வேண்டும்.

எழுதப் புறப்படும் இளைஞர்கள் இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை உண்டு. வக்கீல் நோட்டீஸ் என்பது தீர்ப்பு அல்ல. அது ஒரு தரப்பின் கடிதம். அதைக் கண்டதும் நீக்கிவிடாமல் முதலில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுவோம். எழுதும் முன்பே எதிர்த்தரப்பிடம் எழுத்தில் பதில் கேட்போம். ஒவ்வொரு வரிக்கும் ஆவணத்தைக் கையில் வைத்திருப்போம். வேறொருவரின் செய்தி முடக்கப்படும்போது அது அவர் பிரச்சினை என்று ஒதுங்காமல், முடக்கப்பட்டது என்ற செய்தியையாவது ஊருக்குச் சொல்வோம். சில்சார் வழக்கு வந்தபோது கேரவன் மன்னிப்புக் கேட்டுக் கட்டுரையைக் கைவிட்டிருந்தால் செலவு மிச்சமாகியிருக்கும். அவர்கள் ஏழு ஆண்டு நின்றதால்தான் அந்தக் கட்டுரையை இன்று நாம் படிக்க முடிகிறது.