கொல்லிமலையில் கடை விரித்தவர்கள்

கலைச்சந்தையில் ஸ்டால் போடப் போற ஓவியருக்கு என்ன யோசனை சொல்வாங்க? படைப்பு சேதாரம் ஆகாம கட்டி எடுத்துட்டுப் போ. போற இடத்தைப் பத்தி முன்கூட்டியே விசாரிச்சுக்கோ. எது முதல்ல, எது கடைசியிலன்னு வரிசை போட்டுக்கோ. விக்கலைன்னா மனசு உடைஞ்சு போகாதே. டில்லியில் 2008-ல் ஆரம்பிச்ச இந்தியா ஆர்ட் ஃபேரா இருந்தாலும் சரி, பெங்களூரு குமரகிருபா சாலையில் நடக்கிற சித்திரச் சந்தையா இருந்தாலும் சரி, பாடம் இதுதான்.

இதே பாடத்தை நம்ம ஆளுங்க சுமார் 2000 வருசத்துக்கு முன்னாடியே பாட்டா எழுதி வச்சிருக்காங்க. அதுல முக்கியமான மூணு பாட்டு ஒரே மலையைச் சேர்ந்தது. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனா செம்மேட்டில் சிலையா நிக்கிறாரே வல்வில் ஓரி, அவர்தான் அந்தப் பாட்டுகளின் நாயகன்.

முதலில் மூட்டை கட்டுற விஷயம். சங்ககாலத்துப் பாணர், கூத்தர், விறலியர் எல்லாம் ஊர் ஊராகப் போய்க் கலையைக் காட்டிப் பிழைத்தவர்கள். பரிசு வாங்கித் திரும்பும் கலைஞர், எதிரே வரும் இன்னொரு கலைஞருக்கு "இந்த வழியா போ, இன்னாரைப் பார்" என்று சொல்வதுதான் ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் செங்கண்மாத்து நன்னனிடம் போகும் கூத்தர்களுக்கானது. ஆரம்பமே வாத்தியப் பட்டியல்தான். முழவு, ஆகுளி, தூம்பு, குழல், எல்லரி, பதலை என்று எல்லாத்தையும் பையில் போட்டுக் கட்டி, பலாக்காய்க் கொத்து தொங்குவது மாதிரி எடை சமமாக இருக்கும்படி காவடியாகத் தூக்கிப் போகிறார்கள். அப்புறம் மலைவழியில் எங்கே வழுக்கும், எங்கே பாம்பு இருக்கும், எந்த ஊரில் சாப்பாடு கிடைக்கும் என்று நீளமாக வழி சொல்லுது பாட்டு. இன்றைக்கு ஸ்டால் போட்டுத் திரும்பினவர் அடுத்த வருசம் போறவருக்குச் சொல்றதும் இதே சமாச்சாரம்தானே?

இப்போ கொல்லிமலைக்கு வருவோம். புறநானூறு 152. பாடியவர் வன்பரணர். காட்டில் ஒரு வேட்டைக்காரரைப் பார்க்கிறது ஒரு கலைக்குழு. அவர் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்துக்கொண்டு போகிறது. கறி விற்கிற ஆள் மாதிரி தெரியலை. ஒருவேளை ஓரியோ? உடனே குழுத்தலைவர் உத்தரவு போடுகிறார். நான் பாடப்போறேன், முழவுக்கு மண் பூசு, யாழைச் சுருதி சேர், தூம்பை ஊது, பதலையை ஒரு பக்கம் மட்டும் மெதுவா தட்டு. மேடை கிடையாது, அறிவிப்பு கிடையாது. ஆனா ஒவ்வொருத்தருக்கும் தன் வேலை தெரியும். 21 துறையையும் முறைப்படி பாடி முடிக்கிறார்கள். 'கோ' என்று அழைத்ததும் அவர் வெட்கப்பட்டு நிற்கிறார். இவங்க தேவையை வாய்விட்டுக் கேட்கக்கூட விடலை. கறியும் கள்ளும் கொடுத்து, தன் மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுத்துவிடுகிறார்.

தயாரா இருந்தவங்களுக்கு அதிர்ஷ்டம் அடிச்சுது, சுபம். இதோட நிறுத்தினா இது சுயமுன்னேற்றப் புத்தகம் ஆயிடும் :-) அதே மலையில் இன்னும் ரெண்டு பாட்டு இருக்கு.

புறநானூறு 153. இதுவும் வன்பரணர்தான். ஓரியிடம் போன கூத்தர் கூட்டம் வெள்ளி நாரில் கோத்த மணிக்குவளைப் பூ, நகை, யானை என்று வாங்கிக்கொண்டு திரும்புகிறது. வாத்தியம் முழங்குது. ஆனா இவங்களால ஆட முடியலை, பாட்டும் மறந்து போச்சு. காரணம் பசி தீர்ந்துவிட்டதாம்! வள்ளலைப் புகழத்தான் பாடியிருக்கிறார். ஆனா கலைஞர்கள் படிச்சா உள்ளே சுருக்குன்னு குத்தும்.

மூணாவது, புறநானூறு 204. கழைதின் யானையார் பாடியது. கேட்பது இழிவு, இல்லை என்பது அதைவிட இழிவு; கொடுப்பது உயர்வு, வேண்டாம் என்பது அதைவிட உயர்வு என்று ஓரி முகத்துக்கு நேரேயே சொல்கிறார். கிடைக்காமல் போனவர்கள் கொடுக்காதவரைத் திட்டுவதில்லை, கிளம்பின நேரத்தையும் சகுனத்தையும்தான் நொந்துகொள்வார்கள், அதனால் உன்மேல் எனக்குக் கோபமில்லை என்று முடிக்கிறார். கை நிறைய வாங்கினவர் பாட்டு மாதிரியா இருக்கு? அதே ஓரி, அதே மலை. ஒரு குழுவுக்குப் பொன், இவருக்குத் தன்மானம் மட்டும்.

இந்தப் பாட்டுகள் சொல்லாத ஒன்றும் இருக்கு. ஆள் போயிட்டா என்ன செய்வது? முள்ளூர் மலையமான் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரருக்குக் கொடுத்துவிட்டதாக அகநானூறு 209-இல் கல்லாடனார் சொல்கிறார். ஓரியை நம்பி மலையேறின கலைஞர்களின் கதி என்ன ஆச்சுன்னு எந்தப் பாட்டும் பேசலை. எவ்வளவு நல்லா சுருதி சேர்த்திருந்தாலும், கேட்கிற ஒற்றை ஆள் போனா எல்லாம் போச்சு.

அந்தக் கேள்விக்கு ஒரு பதில் 1966-ல் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் கிடைத்தது. சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினாங்க. படம் மட்டும் விற்றுப் பிழைக்க முடியாத காலம் அது. புரவலரைத் தேடிப் போகாமல், பாத்திக் துணி மாதிரியான கைவினைப் பொருட்களைச் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில்தான் நிலம் வாங்கினார்கள். சோற்றுக்குக் கைவினை, மனசுக்கு ஓவியம். வாங்குறவருக்காக ஓவியத்தை வளைக்க வேண்டாம், யார் முன்னாடியும் கை கட்டி நிற்கவும் வேண்டாம்.

ஆக, சந்தைக்குக் கிளம்பும் கலைஞருக்குக் கட்டு கட்டுறது, வழி விசாரிக்கிறது, சுருதி சேர்க்கிறது எல்லாம் அவசியம்தான். அதுக்கும் முன்னாடி முடிவு பண்ண வேண்டியது, நாளைக்குச் சோறு எங்கிருந்து வரும் என்பது. அது தெரிஞ்சவர்தான் பேரம் படியாத ஆளிடம் கழைதின் யானையார் மாதிரி "உன்மேல் எனக்குக் கோபமில்லை"ன்னு சொல்லிவிட்டு, படத்தைச் சுருட்டிக்கொண்டு நிமிர்ந்து நடக்க முடியும்.