ஒற்றைக் கின்னிக்கோழி

எங்கள் கொல்லையில் ஒரே ஒரு கின்னிக்கோழி. நாட்டுக்கோழியை அடைக்கு வைத்துப் பொரித்தது. கோழி முட்டைக்கு 21 நாள் போதும். இதற்கு 26, 28 நாள் ஆகும். கூடப் பிறந்த இரண்டும் ஈரத்தில் விறைத்துச் செத்துப்போயின. மிஞ்சியது என்னையே தன் கூட்டமாக எண்ணிக்கொண்டு, துணி காயப்போடப் போனாலும் பின்னாலேயே ஓடிவரும்.

இதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. மெலியாகர் என்ற வீரன் இறந்ததும் அழுது தீராத அவன் சகோதரிகளை ஆர்டெமிஸ் தேவதை இந்தப் பறவைகளாக்கினாள், அவர்கள் கண்ணீர்தான் இறகின் வெள்ளைப் புள்ளிகள் என்பது கிரேக்கக் கதை. இதன் ஓலத்தைக் கேட்டவர்களுக்கு அது பொய்யாகத் தோன்றாது! ரோமானியர் இதை விருந்துக்கு வளர்த்தார்கள். பல நூற்றாண்டு கழித்து, போர்ச்சுகீசியர் மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கரையிலிருந்து மறுபடி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். கரையின் பெயரே பறவைக்கு ஒட்டிக்கொண்டது. ஆங்கிலேயர் முதலில் 'டர்க்கி' என்றது இதைத்தான். அமெரிக்காவிலிருந்து வந்த வான்கோழி அந்தப் பெயரைப் பிடுங்கிக்கொண்டது. போதாததற்கு 1758-ல் உயிரினங்களுக்குப் பெயர் சூட்டிய அறிஞர் லின்னேயஸ் மெலியாகரின் பெயரையும் வான்கோழிப் பேரினத்துக்கே வைத்துவிட்டார்.

குழப்பம் எங்கள் வீட்டிலும் உண்டு. ஒற்றை அசையில் கத்தியதால் சேவல் என்றே நம்பியிருந்தோம். சேவலுக்கு ஈரசைக் குரல் வராது. பெட்டைக்கு இரண்டும் வரும். போன மாதம் இது ஈரசையில் கத்தியது. மறுவாரம் வைக்கோல் போரடியில் ஏழு முட்டை கிடந்தது.