ரிம் பெருசாச்சு, காத்து குறைஞ்சது

ஏப்ரல் பிறந்தால் நுவரெலியா வசந்த காலத்துக்கு ஏறி வரும் வாகனங்களைத் தலவாக்கலை டவுனில் நின்றே பார்க்கலாம். புது ஜப்பான் கார்களுக்கு நடுவில் சில பழைய கார்களும் வரும். பாடியைத் தரையோடு தரையாக இறக்கி, கம்பெனி கொடுத்த சின்ன ரிம்மைக் கழற்றிவிட்டு, பளபளவென்று பெரிய அலோய் ரிம் போட்டிருப்பார்கள். நம்ம பசங்க போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள். யூடியூப்பில் அமெரிக்க மஸில் கார்களுக்கு இதைச் செய்கிற வீடியோக்களை விடிய விடியப் பார்க்கிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? காரைத் தாழ்த்துவதும் சில்லைப் பெரிதாக்குவதும் ஒன்றுக்கொன்று எதிரான வேலைகள். தாழ்த்தினால் மட்கார்டுக்குள் இடம் குறைகிறது. பெரிய சில்லுக்கோ அதிக இடம் வேண்டும். இந்த இரண்டும் எப்படி ஒரே காரில் வந்து சேர்ந்தன என்று தேடிப் போனால், அது காரின் வரலாறாக மட்டும் இல்லை. ரோட்டின் வரலாறாகவும் இருக்கிறது.

முதலில் எல்லாச் சில்லும் பெரியதுதான். குழியும் சேறுமான பாதையில் சின்னச் சில்லு விழுந்தால் எழும்பாது. மலைநாட்டுக் கோப்பியைச் சுமந்த மாட்டு வண்டிகளின் சக்கரங்கள் அவ்வளவு உயரமாக இருந்ததற்குக் காரணம் அதுதான். ரயில் பாதை 1884இல் ஹட்டனுக்கும், 1885இல் நம்ம வட்டகொடையைக் கடந்து நானுஓயாவுக்கும் வந்த பிறகுதான் அந்த வண்டிகளின் காலம் மங்கியது. 1888இல் பெல்ஃபாஸ்டில் மாட்டு டொக்டராக இருந்த ஜோன் பொய்ட் டன்லொப், தன் மகனின் மூன்று சில்லு சைக்கிளுக்குக் காற்று அடைத்த டயரைச் செய்தார். கார் வந்தபோதும் பழைய கணக்கு மாறவில்லை. 1908இல் வந்த போர்ட் மொடல் டி காரின் டயர் வெளிவிட்டம் 30 அங்குலம். அமெரிக்கக் கிராமத்து மண் பாதைக்காகவே செய்த கார் அது.

ரோடு நல்லதாக ஆக ஆக சில்லு சின்னதாகியது. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய மொரிஸ் எய்ட் காருக்கு 17 அங்குல ரிம். 1948இல் அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மொரிஸ் மைனருக்கு 14 அங்குலம். 1959இல் அதே மனிதர் செய்த மினிக்கு வெறும் 10 அங்குலம். சின்னக் காருக்குள் 4 பேர் வசதியாக உட்கார வேண்டும், அதற்குச் சில்லு விழுங்கும் இடத்தைக் குறைக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. அந்த அளவில் டயர் இல்லாததால் டன்லொப் கம்பெனி மினிக்காகவே புதிதாகச் செய்து கொடுத்தது.

அமெரிக்காவிலும் இதே போக்குதான். நடுத்தர அளவுக் காருக்குள் பெரிய வி8 எஞ்சினைத் திணித்து, மஸில் கார் அலையைக் கிளப்பிய 1964 பொன்டியாக் ஜிடிஓவுக்கு 14 அங்குல ரிம்தான். அதே ஆண்டு வந்த மஸ்டாங்கின் விலை குறைந்த மொடலுக்கு 13 அங்குலம். இன்று 17, 18 அங்குல ரிம்மில் நிற்கும் மஸ்டாங்கைப் பார்த்து, "ஒரிஜினலே இப்படித்தான்" என்று நினைக்காதீர்கள்.

இனி தாழ்த்துகிற கதை. இதற்குக் கலிபோர்னியாவுக்குப் போக வேண்டும். லொஸ் ஏஞ்சலிஸில் பண்ணைகளிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்த மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களின் பிள்ளைகள், போருக்குப் பிறகு பழைய செவ்ரோலெட் கார்களை மலிவாக வாங்கினார்கள். பின்னால் மணல் மூட்டையைப் போட்டும், ஸ்பிரிங்கை வெட்டியும் காரைத் தாழ்த்தினார்கள். மற்றவர்கள் வேகமாகப் போகக் காரை மாற்றியபோது, இவர்கள் மெதுவாகப் போவதற்காக மாற்றினார்கள். ஊர் பார்க்க வேண்டும், அதுதான் நோக்கம். உழைப்பாளியின் பிள்ளையை யாரும் நின்று பார்ப்பதில்லை. பெயின்ட் அடித்துத் தரையோடு போகும் காரைப் பார்க்காமல் இருக்க முடியாது.

1958 ஜனவரி 1இல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. மாற்றி அமைத்த காரின் எந்தப் பகுதியும் ரிம்மின் அடி விளிம்புக்குக் கீழே இருக்கக் கூடாது. டயர் வெடித்தால் பாடி ரோட்டில் இடிக்கும் என்பது காரணம், நியாயமான காரணமும்தான். ஆனால் வீதியில் நிறுத்தப்பட்டது பெரும்பாலும் அந்தப் பிள்ளைகளின் கார்கள்தான். 1959இல் ரொன் அகிரே என்ற இளைஞர் தன் கொர்வெட் காரில், விமானங்களில் இருந்து கழற்றிய ஹைட்ரோலிக் பம்பைப் பொருத்தினார். பொலிஸ் வந்தால் கார் எழும்பும், போனதும் உட்காரும்! அந்தக் கட்டுப்பாட்டைக் கலிபோர்னியா நீக்கியது 2024இல்தான். 66 வருடம். இன்னொன்று, இந்த லோரைடர் கார்களுக்குப் போடுவது 13, 14 அங்குலச் சின்ன ரிம்கள். தாழ்ந்த காருக்குச் சின்னச் சில்லு என்பதால் அங்கே இடிபாடு இல்லை.

அப்படியென்றால் பெரிய ரிம் எங்கிருந்து வந்தது? பிரேக்கில் இருந்து. பழைய மஸில் கார்களுக்கு எஞ்சின் பெரிது, பிரேக் சின்னது. பல கார்களுக்கு நான்கு சில்லிலும் டிரம் பிரேக்தான். பெரிய டிஸ்க் போட வேண்டுமானால் 14 அங்குல ரிம்முக்குள் இடம் போதாது. வேகத்துக்கு ஏற்ற நல்ல டயர்களும் இப்போது பெரிய ரிம்முக்குத்தான் அதிகமாக வருகின்றன. மினியின் கதையும் இதேதான். 1984இல் 10 அங்குலத்தில் இருந்து 12க்கு மாறியது முன் டிஸ்க்கைப் பெரிதாக்கத்தான். 1996இல் 13 அங்குலமும் வந்தது.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 145/80 என்று டயரில் எழுதியிருந்தால் அகலம் 145 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 வீதம். 10 அங்குல மினிக்கு 145/80 போட்டால் வெளிவிட்டம் 486 மில்லிமீற்றர். 12 அங்குலத்துக்கு 145/70 போட்டால் 508. 13 அங்குலத்துக்கு 175/50 போட்டால் 505. பார்த்தீர்களா? ரிம் 3 அங்குலம் வளர்ந்தது, சில்லோ 2 சென்ரிமீற்றர்கூட வளரவில்லை. இடையில் மெலிந்தது டயரின் பக்கச் சுவர்தான். 116இல் இருந்து 102, பிறகு 88 மில்லிமீற்றர். கார் ரோட்டில் மிதந்து போவது அந்தச் சுவருக்குள் இருக்கும் காற்றில். ரிம் பெருசாச்சு, காத்து குறைஞ்சது. அவ்வளவுதான் விஷயம்.

வெளிவிட்டத்தைக் கூட்டினாலும் சும்மா விடாது. ஸ்பீடோமீற்றர் உண்மையை விடக் குறைவான வேகத்தைக் காட்டும். ஏற்றத்தில் இழுவை குறையும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால், அல்லது பின்னால் 3 பேர் ஏறினால், டயர் மட்கார்டில் உரசும். ஆகவே ரிம் வாங்க முன்னால் வெளிவிட்டத்தை ஒப்பிட வேண்டும். ஆளை ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டும். பார்வைக்குப் பொருந்துவது வேறு, வளைவில் பொருந்துவது வேறு.

சரி, நம்ம மலைக்கு வருவோம். இங்கே கார் ரேஸுக்குப் பழைய சரித்திரம் உண்டு. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. வளைவில் கார் சாயாமல் இருக்கத் தாழ்த்துவது அங்கே தேவை, ஸ்டைல் இல்லை. மகாகஸ்தோட்டை என்பதும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெயர்தான். 1960களில் அந்நியச் செலாவணி இல்லாமல் கார் இறக்குமதி முடங்கியபோது, 1977 வரை பழைய மொரிஸ் மைனரையும் ஒஸ்டினையும் ஒட்டுப்போட்டே ஓட்டினார்கள். இலங்கையில் இத்தனை பழைய கார்கள் உயிரோடு இருப்பதற்கு அந்தத் தட்டுப்பாடும் ஒரு காரணம். தோட்டத்தில் அந்தக் கார் துரையுடையதாகவோ டொக்டருடையதாகவோ இருந்தது. ஓட்டியதும் கழுவியதும் மழையில் தள்ளியதும் நம்ம ஆட்கள்.

இங்கேதான் கலிபோர்னியாவுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது. அங்கே கார் தாழக் கூடாது என்று சட்டம் போட வேண்டியிருந்தது. இங்கே ரோடே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது. மொரிஸ் மைனர் சந்தைக்கு வந்த அதே 1948இல்தான் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்ம முன்னோரில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. வாக்கு இல்லாதவன் ரோடு கேட்டு யாரிடம் போவான்? பிரஜாவுரிமை திரும்பக் கிடைத்த பிறகும், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் பிரதேச சபை செலவு செய்வதற்குத் தடையாக நின்றது. அதைத் திருத்தியது 2018இல். மெயின் ரோடு கார்பெட்டாக இருக்கும், லயத்துக்குப் பிரியும் பாதை கல்லும் குழியுமாக இருக்கும். பிரசவ வலி வந்தவளைக் கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போன பாதை அது. அந்தப் பாதையில் 88 மில்லிமீற்றர் சுவர் உள்ள டயரும் பெரிய அலோய் ரிம்மும் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

அதனால் நம்ம பசங்களின் கார், ஓட்டோதான். 8 அங்குல ரிம். அதற்குத்தான் ஸ்டிக்கர், லைட், ஸ்பீக்கர், வண்ண வீல் கப் எல்லாம். லோரைடர் பையன் தேடியதைத்தான் இவனும் தேடுகிறான், 4 பேர் திரும்பிப் பார்க்க வேண்டும். 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டத்தோடு, பஸ்களிலும் ஓட்டோக்களிலும் கூடுதலாகப் பொருத்தியவற்றைக் கழற்றச் சொல்லிப் பொலிஸ் இறங்கியது. ஆபத்தானதைக் கழற்றத்தான் வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. 2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில், பாடசாலைச் சுற்றுலா பஸ் வேனிலும் ஓட்டோவிலும் மோதி 7 பேர் இறந்ததை நாம் மறக்கவில்லை. இந்த மலையில் பாதுகாப்பு என்பது உயிர்ப் பிரச்சினை. ஆனால் பாதுகாப்பு என்றால் முழுசாகப் பேச வேண்டும். ஓட்டோவில் தொங்கும் குஞ்சத்தை அளக்கிறவர்கள், அந்த ஓட்டோ தினமும் விழுந்து எழும்பும் குழியின் ஆழத்தையும் அளக்கலாமே?

ஒரு ஊரின் ரோட்டைப் பற்றி அறிய அறிக்கை எல்லாம் வாசிக்கத் தேவையில்லை. அங்கே ஓடும் வாகனத்தின் அடிப்பாகம் தரையில் இருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று குனிந்து பார்த்தால் போதும். தாழ்ந்த கார் ஓடுகிற இடத்தில், யாரோ யாருடைய ரோட்டுக்கோ ஒழுங்காகச் செலவு செய்திருக்கிறார்கள். லயத்து வாசல் வரைக்கும் அப்படி ஒரு கார் உரசாமல் வந்து நிற்கும் நாளில், அதில் என்ன ரிம் போடலாம் என்று நாம் ஆற அமர இருந்து சண்டை பிடிக்கலாம்.