பத்துப் பேருக்குக் கீழே: சிறு பட்டறைகளும் விபத்துக் காப்பீடும்

வேலையிடத்தில் நேரும் விபத்துக்கு யார் பொறுப்பேற்பது என்ற கேள்விக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் இரண்டு விடைகள் உருவாயின. பிஸ்மார்க்கின் ஜெர்மனி 1884-இல் முதலாளிகளைத் தொழில்வாரியான சங்கங்களில் கட்டாயமாகச் சேர்த்து, அவர்கள் செலுத்திய சந்தாவிலிருந்து இழப்பீடு வழங்கியது. பிரிட்டன் 1897-இல் இழப்பீட்டைத் தனித்தனி முதலாளியின் பொறுப்பாக்கியது. காப்பீடு எடுப்பதை அவர்கள் விருப்பத்துக்கு விட்டது. 1923-இன் இந்தியத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பிரிட்டனின் வழியில் சென்றது. அதன் பாதகத்தை இன்றுவரை அதிகம் சுமப்பவை சிறு பட்டறைகள் என்பது என் வாதம்.

அந்தச் சட்டம் சிறிய சாதனையன்று. அதுவரை, இறந்தவரின் குடும்பம் 1855-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலாளியின் தவறை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 1924 ஜூலை 1 முதல், வேலையின்போது வேலையின் காரணமாக விபத்து நேர்ந்தது என்று காட்டினாலே உயிரிழப்புக்கு இழப்பீடு உண்டு என்றாயிற்று. ஆனால் முதலாளியிடம் பணம் இல்லையென்றால் என்ன செய்வது? பேராசிரியர் பி. பி. அடார்கரின் 1944 அறிக்கையிலிருந்து பிறந்த 1948-ஆம் ஆண்டு ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சட்டம்தான், கட்டாயச் சந்தாவால் திரளும் பொது நிதியின் வழியாக, இதற்கு விடை தந்தது. 1952-இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய திட்டம் 1955-இல் கோயம்புத்தூருக்கு வந்தது. மின்விசையில் இயங்கும், 20 பேராவது வேலை செய்யும் ஆலைகளே முதலில் அதற்குள் அடங்கின. அந்த வரம்பு பின்னர் பத்தாகக் குறைந்து, அங்கேயே நின்றுவிட்டது. இழப்பீட்டுச் சட்டமோ மேலும் கீழிறங்கியது: 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் தற்காலிகத் தொழிலாளரையும் சேர்த்துக்கொண்டது. ஆக, ஒன்பது பேர் வேலை செய்யும் லேத் பட்டறைக்கு முழுப் பொறுப்பு உண்டு. அதைத் தாங்கும் கட்டாய நிதி இல்லை.

இத்தகைய பட்டறைகளையும் அந்த நிதியில் கட்டாயமாகச் சேர்க்கலாமே என்றால், சிறு முதலாளியால் சந்தா கட்ட முடியாது என்பதே வழக்கமான மறுப்பு. கணக்கு வேறு சொல்கிறது. 2020 முதல் இழப்பீட்டுக்குக் கணக்கில் கொள்ளும் மாதக் கூலியின் உச்சம் 15,000 ரூபாய். முப்பது வயதுத் தொழிலாளி இறந்தால், அதில் பாதியை வயதுக்குரிய காரணியான 207.98-ஆல் பெருக்க வேண்டும், ஏறத்தாழ 15.6 லட்சம் வருகிறது. அதே கூலிக்கு ஈஎஸ்ஐயில் முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், மாதம் 500 ரூபாய்க்கும் குறைவு. மருத்துவமும் அதில் அடக்கம். இழப்பீட்டை நிலவரிப் பாக்கிபோல வசூலிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வாடகைக் கட்டடத்தில், வங்கிக் கடனில் வாங்கிய இயந்திரத்தோடு இருப்பவரிடம் எதை வசூலிப்பது? பெரிய ஆலையால் ஒரு விபத்தைத் தாங்க முடியும். பட்டறை ஒரே விபத்தில் மூடப்படும். குடும்பத்துக்கும் பணம் கிடைக்காது. தாங்கும் வலு குறைந்தவர்களுக்குத்தான் பொது நிதி முதலில் தேவை.

காப்பீடு இருந்தால் முதலாளி பாதுகாப்பில் அசட்டையாகிவிடுவார் என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. அதை ஜெர்மன் சங்கங்களின் அனுபவமே எதிர்கொள்கிறது: தொழிலின் ஆபத்துக்கேற்பச் சந்தாவை வகுத்தார்கள், விபத்துத் தடுப்பு விதிகளை இயற்றினார்கள், ஆய்வாளர்களை அனுப்பினார்கள். பணம் தங்கள் பொது நிதியிலிருந்து போவதால் ஒருவரையொருவர் கண்காணிக்க அவர்களுக்குக் காரணம் இருந்தது. சின்னஞ்சிறு நிறுவனங்களில் கட்டாயத்தை நடைமுறைப்படுத்த முடியாது என்பதையும் நம் நாட்டு வழக்கமே மறுக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் கட்டாயக் காப்பீட்டில், சம்பளத்துக்கு ஓட்டும் ஓட்டுநருக்கான இழப்பீட்டுப் பொறுப்பும் அடங்கும். ஒரே வண்டி வைத்திருப்பவருக்கும் அது பொருந்தும். அதே முதலாளியின் பட்டறையில் நிற்கும் தொழிலாளிக்கு அந்தக் காப்பு இல்லாததற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இழப்பீட்டுச் சட்டத்துக்கும் ஈஎஸ்ஐ சட்டத்துக்கும் பதிலாக 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் பத்துப் பேர் வரம்பு தொடர்கிறது. அதற்குக் கீழே உள்ளவர்கள் முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளரும் ஒப்பினால் விரும்பிச் சேரலாம். இன்னொரு வழியும் அதில் இருக்கிறது: ஆபத்தான தொழில் என மத்திய அரசு அறிவித்தால், ஒரே ஒரு தொழிலாளி உள்ள இடத்துக்கும் ஈஎஸ்ஐ பொருந்தும். அந்த அறிவிப்பு ஆள் எண்ணிக்கையை விட்டு இயந்திரத்தைப் பார்க்க வேண்டும். விரல்களை நசுக்கும் பவர் பிரஸ்ஸும் மர அறுவை இயந்திரமும் அதில் முதலில் இடம்பெற வேண்டும்.