முந்நூறு பேரை ஒரே படத்தில் நிறுத்தியவர்

படத்தில் யாருமே அசையவில்லை. எனக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் விக்டோரியா ஸ்கேட்டிங் அரங்கு. 1870 மார்ச் 1, செவ்வாய்க்கிழமை. இங்கிலாந்து இளவரசர் ஆர்தரின் வருகையையொட்டி மாறுவேடப் பனிச்சறுக்கு விழா. அரங்கு கொள்ளாத கூட்டம். விதவிதமான வேடங்களில் ஆணும் பெண்ணும் பனிக்கட்டித் தளத்தில் வழுக்கிப் போகிறார்கள். அந்தக் காட்சியைக் காட்டும் படத்தைத் திரையில் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் முகங்கள் கலங்கவில்லை. மூக்கு, மீசை, தொப்பியின் இறகு எல்லாம் துல்லியம்.

1870-இல் இப்படி ஒரு படம் எடுக்க வழியே இல்லை. அப்போது புழக்கத்தில் இருந்தது கொலோடியன் ஈரத்தகடு. கண்ணாடித் தகட்டில் ரசாயனத்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, ஈரம் காய்வதற்குள்ளேயே கழுவியும் முடிக்க வேண்டும். நல்ல பகல் வெளிச்சம் வரும் ஸ்டுடியோவில்கூட ஆளைச் சில நொடிகள் ஆடாமல் நிறுத்தியாக வேண்டும். கூரை போட்ட அரங்கில், விளக்கொளியில், ஓடிக்கொண்டிருக்கும் கூட்டத்தை எடுத்திருந்தால் தகட்டில் புகைமூட்டம்தான் மிஞ்சியிருக்கும்.

ஆக, இது ஒட்டுப்படம். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் படமெடுத்து, வெட்டி, வரைந்த பின்னணியில் ஒட்டி, அதை மறுபடி படமெடுத்தது. செய்தவர் வில்லியம் நாட்மன். படத்தில் இருப்பவர்கள் ஏறத்தாழ 300 பேர். இதுவரை சொன்னது புகைப்பட வரலாறு படித்தவர்களுக்குத் தெரிந்த செய்திதான். நான் தேடிப் போனது வேறொன்றை. வேலைவெட்டி உள்ள முந்நூறு பேரை வேடத்தோடு ஸ்டுடியோவுக்கு வரவழைத்து, யார் எங்கே நிற்க வேண்டும், எந்த அளவில் இருக்க வேண்டும் என்று குழப்பமில்லாமல் முடித்திருக்கிறாரே, எப்படி? கூட்டத்தில் ஒரு உருவத்தைத் தொட்டால், அது பிறந்த கண்ணாடித் தகடுவரை பின்னோக்கிப் போக முடியுமா?

நாட்மன் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊர்க்காரர், 1826-இல் பிறந்தவர். குடும்பத்தின் துணி வணிகம் நொடித்துப் போக, 1856-இல் கடல் கடந்து மாண்ட்ரியல் வந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் ப்ளூரி தெருவில் ஸ்டுடியோ போட்டுவிட்டார். செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் குறுக்கே விக்டோரியா பாலம் கட்டப்பட்டதைப் படமெடுக்கும் வேலை கிடைத்தது. அதில் பெயர் வந்தது. பிறகு ஒட்டாவா, டொராண்டோ, ஹாலிபாக்ஸ் என்று கிளைகள். துணிக்கடைக்காரர் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருப்புக் கணக்கும் வாடிக்கையாளர் கணக்கும் எழுதிப் பழகிய கை அது.

மாண்ட்ரியலின் மெக்கார்ட் ஸ்டூவர்ட் அருங்காட்சியகத்தில் நாட்மன் நிறுவனத்தின் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றை இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். ஆனால் என் தேடலுக்குத் திறவுகோலாக அமைந்தது படங்கள் அல்ல, அந்த ஸ்டுடியோ எழுதி வைத்த பேரேடுகள். ‘பிக்சர் புக்’ என்று அவற்றைச் சொல்கிறார்கள். ஸ்டுடியோவில் எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் ஒரு எண். அதே எண் கண்ணாடித் தகட்டிலும் இருக்கும். ஒரு பிரதியை எண் வரிசைப்படி பெரிய புத்தகத்தில் ஒட்டி, அடியில் எண்ணையும் பெயரையும் எழுதிவிடுவார்கள். பெயரைக் கொண்டு எண்ணைத் தேட அகரவரிசைப் பதிவேடு தனி. பத்து வருடம் கழித்து ஒருவர் வந்து ‘என் படத்தில் இன்னொரு காப்பி வேண்டும்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பதற்காகச் செய்த ஏற்பாடு. அது ஒரு நூற்றாண்டு கழித்து ஆய்வாளர்களுக்கு வழிகாட்டும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

எண் வரிசை கால வரிசை என்பதால் 1870-இன் தொடக்க மாதங்களுக்கு நேராகப் போய்விடலாம். அங்கே ஸ்டுடியோவின் முகமே மாறிவிடுகிறது. அதுவரை கறுப்புக் கோட்டும் கனத்த பாவாடையுமாக உட்கார்ந்திருந்த ஊர்ப் பெரிய மனிதர்களும் சீமாட்டிகளும் திடீரென்று வேடம் கட்டிக்கொண்டு, காலில் ஸ்கேட்டோடு, ஸ்டுடியோ தரையில் சறுக்குவது போல நிற்கிறார்கள். விழாவுக்கு வேடமிட்டு வருகிறவர்கள் நேரம் குறித்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வாருங்கள் என்று நாட்மன் செய்தித்தாளில் அறிவிப்புக் கொடுத்திருந்தார். அதன் விளைவு அந்தப் பக்கங்களில் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கிறது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. படத்தின் அடியில் எழுதியிருக்கும் பெயர் எப்போதும் படத்தில் இருப்பவரின் பெயர் என்று நம்பிவிடக் கூடாது. அது காசு கொடுத்தவரின் பெயராக இருக்கலாம். கைக்குழந்தையின் படத்துக்கு அப்பா பெயர் இருக்கும். திருமணமான பெண்ணுக்குக் கணவர் பெயர்தான். சொந்தப் பெயர் எங்கும் வராது. தாதியின் மடியில் குழந்தை என்றால் தாதிக்குப் பெயரே கிடையாது. பழைய படம் ஒன்றைக் கொண்டுவந்து பிரதி எடுத்தவர் பெயரில் வேறு யாரோ ஒருவரின் முகம் இருக்கும். பேரேடு என்பது பில் போடுவதற்காக எழுதியது என்பதை மறந்தால், வரலாற்றில் தப்பான ஆளை உட்காரவைத்துவிடுவோம். வேடம், நிற்கும் கோலம், எண் மூன்றும் ஒத்துப்போனால்தான் ஒரு உருவத்தை உறுதி செய்யலாம். பெயர் நான்காவது சாட்சி மட்டுமே.

கோலம் என்றேன். இந்தத் தேடலில் என்னை அதிகம் அசத்தியது அதுதான். ஓவியர் முதலில் மொத்தக் காட்சிக்கும் ஒரு மாதிரி வரைந்துவிடுகிறார். யார் முன்வரிசை, யார் நடு, யார் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் ஆள் ஸ்டுடியோவுக்குள் நுழையும்போதே தீர்மானமாகியிருக்கும். வந்தவரை அதற்கேற்ற கோலத்தில் நிறுத்த வேண்டும். சறுக்குகிறவர் ஒற்றைக் காலில் சாய்ந்து நிற்பார். நிஜத்தில் சில நொடிகள் அப்படி அசையாமல் நிற்பது லேசில் ஆகாது. அதற்காகவே அந்தக் கால ஸ்டுடியோக்களில் முதுகுக்குப் பின்னால் தலையையும் இடுப்பையும் தாங்கும் இரும்புத் தாங்கி இருந்தது. ஒட்டுப்படத்தில் கத்தரிக்கோல் அந்தத் தாங்கியை வெளியே தள்ளிவிடும்.

குளிர்கால வேடிக்கைகளை வீட்டுக்குள் கொண்டுவருவதில் நாட்மன் ஏற்கெனவே கைதேர்ந்தவர். மெருகேற்றிய துத்தநாகத் தகடு பனிக்கட்டித் தளமாகும். உப்பும் ஆட்டு ரோமமும் தரையில் கிடக்கும் பனியாகும். விழும் பனி வேண்டுமென்றால் வெள்ளைச் சாயத்தைக் காற்றில் தெளித்து, அந்தத் துளிகளைக் கண்ணாடி நெகட்டிவின்மேல் விழவைப்பார். 1866-இல் வேட்டைக்காரர்கள் கூடாரத் தீயைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் காட்சிக்கு மக்னீசியத்தைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்கினார். எல்லாம் ஸ்டுடியோவுக்குள்ளேயே.

அடுத்தது அளவு. ஆல்புமின் தாள் என்பது முட்டை வெள்ளைக்கரு பூசிய காகிதம். நெகட்டிவை அதன்மேல் வைத்து அழுத்தி, வெயிலில் காட்டி அச்சிடுவார்கள். நெகட்டிவில் உருவம் என்ன அளவோ, தாளிலும் அதே அளவு. இன்று போல ஒரு பொத்தானை அமுக்கிச் சிறிதாக்க முடியாது. பின்வரிசை ஆள் முன்வரிசை ஆளைவிடச் சிறிதாக வேண்டுமென்றால், கேமராவைத் தள்ளி வைத்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எடுத்த படத்தை மறுபடி படமெடுத்துச் சுருக்க வேண்டும். முந்நூறு பேருக்கும் இந்தக் கணக்கு. ஒருவரின் தலை அரை விரல் பெரிதாகிவிட்டால் போதும், கூட்டத்தில் அவர் மட்டும் அரக்கனாகத் தெரிவார்.

பிறகு வெட்டுவது. கூந்தல் ஓரம், விரல் இடுக்கு, ஸ்கேட்டின் கத்தி விளிம்பு என்று ஒவ்வொன்றையும் கத்தரித்து, ஓரத்தை மெலிதாக்கி, இடம் பார்த்து ஒட்டி, ஒட்டிய தடம் தெரியாமல் சாயம் தீட்டுவது. பனித்தளத்தில் விழும் நிழலையும் தூரிகைதான் போட வேண்டும். இந்த வேலைக்காகவே நாட்மன் ஸ்டுடியோவில் ஓவியப் பிரிவு ஒன்று நிரந்தரமாக இயங்கியது. அதை நடத்திவந்த ஜான் ஃப்ரேசர் 1868-இல் டொராண்டோ கிளைக்குப் போனபின் ஹென்றி சாண்டம் அதன் பொறுப்பை ஏற்றார். பனிச்சறுக்கு விழாப் படத்தில் நாட்மன் பெயரோடு சாண்டம், எட்வர்ட் ஷார்ப் இருவரின் பெயர்களும் உண்டு. பின்னாளில் சாண்டத்தை நாட்மன் கூட்டாளியாகவே சேர்த்துக்கொண்டார். வெட்டி ஒட்டியவர்களில் மற்றவர்களின் கைகளுக்கு எந்தப் பேரேட்டிலும் எண் இல்லை.

பெரிய ஒட்டுப்படம் தயாரானதும் அதையே படமெடுத்து வெவ்வேறு அளவுகளில் விற்றார்கள். இங்கேதான் துணிக்கடைக்காரர் வெளியே வருகிறார். படத்தில் இருக்கும் முந்நூறு பேரும் வாங்கக்கூடியவர்கள். அதனால்தான் பெரும்பாலும் ஒருவர் இன்னொருவர் முகத்தை மறைப்பதில்லை. முதுகு காட்டி நிற்பவர் அரிது. முகம் தெரியாத ஆள் ஏன் காசு கொடுப்பார்?

இதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. 1857-இல் இங்கிலாந்தில் ஆஸ்கர் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ‘வாழ்க்கையின் இரு வழிகள்’ என்ற படத்தை உருவாக்கினார். விக்டோரியா மகாராணியே ஒரு பிரதி வாங்கினார். ஆனால் ரெய்லாண்டர் நிறுத்தியது கதைக்கு நடித்தவர்களை. நாட்மன் நிறுத்தியது பெயரும் முகவரியும் உள்ள வாடிக்கையாளர்களை. சொன்ன நாளில் சொன்ன வேடத்தில் அவர்கள் வந்தாக வேண்டும். சில ஆண்டுகள் கழித்து இங்கிலாந்து அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் பல முகங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பதித்து, குற்றவாளிக்கென்று ஒரு ‘சராசரி முகம்’ தேடினார். நாட்மன் செய்ததைப் போலவே அதற்கும் கூட்டு உருவப்படம் என்றுதான் பெயர். கால்டன் தனி மனிதர்களைக் கரைத்தார். நாட்மன் ஒருவரையும் கரைய விடவில்லை. இரண்டில் எது மனிதர்களை மதித்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கலை என்று பார்த்தால் படம் கொஞ்சம் விறைப்புத்தான். அவ்வளவு பெரிய கூட்டத்தில் யாரும் யாரையும் உண்மையில் பார்க்கவில்லை. தனித்தனியாக நின்றவர்களின் பார்வை எப்படிச் சந்திக்கும்? ஆனாலும் அந்த விறைப்பை ஈடுசெய்யும் ஒன்று அதில் இருக்கிறது. ஒரு நகரத்தின் மேல்தட்டு முழுவதும், ஒரே பருவத்தில், முகம் முகமாகப் பதிவாகியிருக்கிறது.

விழாவின் நாயகரான ஆர்தருக்கு அப்போது 19 வயது. மாண்ட்ரியலில் ரைபிள் படைப்பிரிவு அதிகாரி. பின்னாளில் கன்னாட் கோமகன் ஆனவர் இவர்தான். டெல்லி கன்னாட் பிளேஸ் இவர் பெயரில் இருக்கிறது. 1921 ஜனவரியில் சென்னைக்கு வந்து, இரட்டை ஆட்சி முறையில் அமைந்த மாகாணச் சட்டசபையைத் தொடங்கிவைத்தவரும் இவரே. அப்போது எடுத்த அவருடைய முதுமைப் படங்களையும் மாண்ட்ரியல் இளைஞனையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது தனி வேடிக்கை.

நாட்மன் 1891-இல் இறந்தார். மகன்கள் தொழிலை நடத்தினார்கள். 1935-இல் சார்லஸ் நாட்மன் நிறுவனத்தை விற்றுவிட்டார். 1956-இல் நெகட்டிவ்களும் பேரேடுகளும் சேர்ந்தே மெக்கில் பல்கலைக்கழகத்தின் வழியாக அருங்காட்சியகத்துக்கு வந்தன. ‘சேர்ந்தே’ என்பதுதான் இதில் முக்கியம். கண்ணாடித் தகடுகள் மட்டும் வந்திருந்தால் முகங்கள் இருந்திருக்கும், யாரென்று தெரிந்திருக்காது. புத்தகங்கள் மட்டும் வந்திருந்தால் பெயர்களோடு சிறு சிறு பிரதிகள்தான் மிஞ்சியிருக்கும்.

நம் ஊர்களிலும் பழைய ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. உங்களுக்குத் தெரிந்த ஸ்டுடியோ ஏதாவது கடையைக் காலி செய்கிறதென்றால், நெகட்டிவ் பெட்டியை மட்டும் கேட்காதீர்கள். ரசீதுப் புத்தகத்தையும் ஆர்டர் நோட்டையும் சேர்த்துக் கேட்டு வாங்கி, ஒரு நூலகத்திடமோ ஆவணக் காப்பகத்திடமோ ஒப்படையுங்கள்.