மூலத்துக்குச் சிகிச்சை: சில வருஷம் கழித்து என்ன ஆகிறது?

நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படும் ஒரு நோயின் வரலாற்றை இன்று எழுதுகிறேன். மூல நோய்.

கும்மிடிப்பூண்டி - சென்ட்ரல் மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு அந்தச் சுவரொட்டிகள் பழக்கம்தான். மூலமா, பௌத்திரமா, ஆபரேஷன் வேண்டாம், வலி இல்லை, அன்றே வேலைக்குப் போகலாம் என்று இருக்கும். சிப்காட்டில் உலை வெக்கையில் ஷிப்ட் பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் அந்த "அன்றே" என்ற சொல் அவர்களை இழுக்கிறது. ஆனால் மூலத்துக்குச் செய்யும் சிகிச்சை நல்லதா இல்லையா என்பது அன்றைக்குத் தெரியாது. வருஷம் போன பிறகுதான் தெரியும். மருத்துவ உலகமே இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டது.

சுஸ்ருதர் மூலத்துக்கு நான்கு வழி சொன்னார்: மருந்து, காரம், சூடு, கத்தி. புதிதாக வந்ததற்கு மருந்து போதும். கெட்டியாகத் தடித்ததற்குச் சூடு. அடி மெலிந்து மேலே நீண்டிருப்பதற்குக் கத்தி. ஆளுக்கு ஒரு நிலை, நிலைக்கு ஒரு சிகிச்சை. நம் வீடுகளில் சமைக்கும் துத்திக் கீரையும் கருணைக்கிழங்கும் அந்த முதல் படியைச் சேர்ந்தவை.

பௌத்திரத்துக்குக் கட்டும் காரநூலும் பழைய முறையே. அதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அறுவைச் சிகிச்சையோடு ஒப்பிட்டு, 1991-ல் முடிவை வெளியிட்டது. அறுவையில் புண் சுமார் 4 வாரத்தில் ஆறியது. காரநூலில் 8 வாரம் ஆனது. ஆனால் ஓராண்டு கழித்துப் பார்த்தால், அறுவை செய்தவர்களில் 100-க்கு 11 பேருக்கு நோய் திரும்பியிருந்தது; காரநூலில் 4 பேருக்குத்தான். பௌத்திரம் வேறு, மூலம் வேறு. ஆனாலும் சீக்கிரம் ஆறுவது ஒன்று, நிலைத்து நிற்பது இன்னொன்று என்பது இரண்டுக்கும் பொது.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகர மருத்துவர் வால்டர் வைட்ஹெட் 1882-ல் ஒரு புது முறையைச் சொன்னார். மூலத்தை உட்சவ்வோடு சேர்த்து வளையமாக வெட்டியெடுத்துத் தைத்துவிடுவது. 1887-ல் 300 பேரின் கணக்கைக் கொடுத்தார். முடிவுகள் அருமையாக இருந்தன. பல நாடுகளில் அதைப் பின்பற்றினார்கள். பிறகுதான் வினை தெரிந்தது. சிலருக்கு ஆசனவாய் சுருங்கிப் போனது. சிலருக்கு உட்சவ்வு வெளியே பிதுங்கி எப்போதும் ஈரம் கசிந்தது. அந்தக் கோளாறுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

1937-ல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் மில்லிகனும் மார்கனும் தங்கள் முறையை வெளியிட்டார்கள். மூலங்களைத் தனித்தனியே எடுப்பார்கள். நடுவே நல்ல தோலைப் பாலம்போல் விட்டுவைப்பார்கள். அந்தப் பாலம் இருந்தால் வழி சுருங்காது. புண்ணைத் தைக்காமல் ஆற விடுவதால் சில வாரம் வலி இருக்கும். நம் அரசு மருத்துவமனைகளில் இன்றும் இது வழக்கத்தில் உள்ள முறை.

வலியைக் குறைக்கப் புது வழிகள் வந்தன. 1963-ல் பாரன் என்பவரின் ரப்பர் வளையம். 1998-ல் இத்தாலியின் லாங்கோ கொண்டுவந்த ஸ்டேப்லர் முறை. ஸ்டேப்லரில் ஆரம்ப வலி குறைவு. ஆனால் பிரிட்டனில் 777 பேரிடம் நடந்த ஆய்வு 2016-ல் வெளிவந்தது. இரண்டு ஆண்டு கழித்து, ஸ்டேப்லர் செய்தவர்களில் 100-க்கு 42 பேர் மூலம் திரும்பியதாகச் சொன்னார்கள். வெட்டியெடுக்கும் முறையில் 25 பேர். அதாவது வலி மிகுந்த பழைய முறைதான் அதிகம் தாங்கியது. அதிலும் நாலில் ஒருவருக்குத் திரும்பியது என்பதையும் மறக்கக் கூடாது. எந்த முறையும் முழு உத்தரவாதம் தராது.

சுவரொட்டி வைத்தியத்துக்கும் வரலாறு உண்டு. 1871-ல் அமெரிக்காவில் மிட்செல் என்பவர் கார்பாலிக் அமிலத்தை எண்ணெயில் கலந்து மூலத்தில் ஊசி போட்டார். அந்த ரகசியத்தை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகத் திரிந்து ஊசி போட்டவர்கள் பலர். புண் அழுகியபோது அவர்கள் அடுத்த ஊரில் இருந்தார்கள். முறையான மருத்துவர் அளவறிந்து போடும் ஊசி இன்றும் உண்டு, அது வேறு. படிக்காதவர் போடும் ஊசியில் சதை அழுகி, வழி சுருங்கினால், அதைச் சரி செய்வது முதல் நோயைவிடப் பெரும்பாடு.

ஆகவே, பிள்ளைகளே, மூன்று விஷயம்.

1. மலத்தில் ரத்தம் வந்தால் மூலம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். குடல் புற்றுநோயிலும் ரத்தம் வரும். மருத்துவரிடம் காட்டுங்கள்.

2. மூலம் வந்த எல்லாருக்கும் அறுவை தேவையில்லை. தண்ணீர், கீரை, நார்ச்சத்து, முக்காமல் மலம் கழிப்பது. பலருக்கு இதுவே போதும். அறுவை செய்தவர்களும் இதை விடக்கூடாது.

3. சிகிச்சைக்கு முன் "எப்போது வேலைக்குப் போகலாம்?" என்பதோடு, "திரும்ப வர எவ்வளவு வாய்ப்பு? திரும்ப வந்தால் என்ன செய்வீர்கள்?" என்றும் கேளுங்கள்.

நோய் தீர வைத்திய வீரராகவரை வேண்டிக் குளத்தில் வெல்லம் கரைப்பது நம் திருவள்ளூர் வழக்கம். தாராளமாகக் கரையுங்கள். அதே ஊரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாயிற்று. அங்கேயும் ஒரு நடை போய் வாருங்கள். உங்கள் வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டு யாராவது இருப்பார்கள். அவர்களுக்கு இதைப் பகிருங்கள்.